கிரீட் தீவில் எந்தப் பகுதியில் தங்குவது? முதல்முறை போகிறவர்களுக்கு

கிரேக்க நாட்டின் கிரீட், கிழக்கு மேற்காக ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீளம். ஒரு வாரத்தில் முழுவதையும் பார்க்க நினைத்தால் காரிலேயே விடுமுறை போய்விடும். அதனால் பாதித் தீவை மனமார விட்டுவிடுங்கள். விசா, டிக்கெட் எல்லாம் தயார் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் படி: எதற்காகப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். மேற்கிலிருந்து வரிசையாக ஹானியா, ரெதிம்னோ, ஹெராக்லியோன், லசிதி என நான்கு பகுதிகள். கடற்கரையும் மலையும் என்றால் ஹானியா. தீவின் பழங்கால நாகரிகமான மினோவன் நாகரிகம் என்றால் ஹெராக்லியோன். அந்த நாகரிகத்தின் க்னோசோஸ் அரண்மனை ஹெராக்லியோன் நகரிலிருந்து 5 கிலோமீட்டர்தான். அங்கே கிடைத்த பொருட்கள் நகர அருங்காட்சியகத்தில் இருப்பதால் இரண்டையும் சேர்த்தே பாருங்கள். அமைதி வேண்டுமென்றால் லசிதியின் கிழக்குக் கோடி. என் ஓட்டு ஹானியாவுக்கு.

இரண்டாம் படியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். தூரத்தைக் கிலோமீட்டரில் பார்க்காதீர்கள், மணிக்கணக்கில் பாருங்கள். வடகரையில் நெடுஞ்சாலை உண்டு. ஊர்விட்டு ஊர் போவது எளிது. தென்கரையில் அப்படித் தொடர்ச்சியான சாலையே கிடையாது. அங்கே ‘வெள்ளை மலைகள்’ என்ற மலைத்தொடர் நேராகக் கடலில் இறங்குகிறது. பாலியோஹோராவும் ஸ்ஃபாகியாவும் ஒரே கரையில்தான் இருக்கின்றன, ஆனால் காரில் போக மலையேறி வடக்கே வந்து மறுபடி தெற்கே இறங்க வேண்டும். இடையிலுள்ள லூட்ரோவுக்குப் படகு அல்லது நடைபாதை மட்டும்தான். ஆகவே தென்கரையில் ஓர் ஊரைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து ஊர்களைப் படகில் பாருங்கள். திட்டமிட மலைகளின் ஏற்ற இறக்கம் தெரியும் வரைபடமே நல்லது. சாதாரண வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும்.

மூன்றாம் படி: இரண்டு ஊர்களுக்கு மேல் தங்காதீர்கள். ஹெராக்லியோனில் இறங்கி ஹானியாவிலிருந்து விமானம் ஏறினால் வந்த வழியே திரும்ப வேண்டாம்.

பின்சேர்க்கை: வாசகர்கள் சிலர் கேட்டதால் சொல்கிறேன். தீவின் வடமேற்கு மூலையிலுள்ள பலோஸ் கடற்கரைக்குப் போகும் பாதையின் கடைசிப் பகுதி மண்சாலை. வாடகைக் கார் காப்பீடு பெரும்பாலும் அங்கே செல்லாது, கையெழுத்துக்கு முன் கேளுங்கள்; அல்லது பக்கத்து ஊரான கிஸ்ஸாமோஸிலிருந்து படகில் போங்கள். அப்புறம், வெள்ளை மலைகளில் தென்கரை வரை நடந்து இறங்கும் 16 கிலோமீட்டர் நீளமுள்ள சமாரியா பள்ளத்தாக்கு வழக்கமாக மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். மழையோ கடும் வெயிலோ வந்தால் திடீரென்று மூடிவிடுவார்கள். நடை முடியும் கடலோர ஊரான ஆயியா ரூமெலிக்குச் சாலை இல்லை. மாலைப் படகைப் பிடித்துத்தான் வெளியே வர வேண்டும். அதனால் அந்த நடையைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள்.