வற்றியதா, வறண்டதா, உலர்ந்ததா?

ஈரம் போன எதையும் பேச்சில் ‘காய்ந்தது’ என்று சொல்லிவிடுகிறோம். அதில் குறை இல்லை. எழுத உட்காரும்போது இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். இதற்குத் தமிழில் பல சொற்கள் உண்டு, ஒன்றின் இடத்தில் இன்னொன்று எப்போதும் பொருந்தாது.

முதலில் எழுத்துப் பிழை. ‘வரண்ட நிலம்’, ‘வரட்சி’ என்று அச்சிலேயே வந்துவிடுகிறது. வறண்ட, வறட்சி என்று வல்லின றகரம் போடுவதே சரி. வறுமை, வறியவர் எல்லாம் இதற்கு உறவுதான் என்று நினைவில் வைத்துக்கொண்டால் ரகரம் நுழையாது.

அதிகம் குழம்புவது வற்றுதலும் வறளுதலும். வற்றுவது நீர், வறள்வது நீர் இருந்த இடம். கத்திக் கத்தி ஓய்ந்தவர் ‘தொண்டைத் தண்ணீர் வற்றிப்போச்சு’ என்பார். ‘தண்ணீர்’ என்ற சொல்லை விட்டுவிட்டால் ‘தொண்டை வறண்டுபோச்சு’ என்று தானாகவே மாற்றிக்கொள்வார். இலக்கணம் படிக்காத வாயிலும் இந்த வேறுபாடு பிசகுவதில்லை என்பது எனக்குப் பெரிய வியப்பு. ‘குளம் வற்றியது’ என்பதும் சரிதான், அங்கே குளம் அதிலுள்ள நீரைக் குறிக்கிறது. ஆனால் ‘நிலம் வற்றியது’ என்று எழுதினால் இடறும்.

வற்றல் என்றதும் மிளகாயும் சுண்டைக்காயும் மட்டுமே நினைவுக்கு வந்தால், 78ஆவது குறளில் வரும் ‘வற்றல் மரம்’ புரியாமல் போகும். அது பட்டுப்போன மரம்.

‘காய்ந்த’ என்பதிலும் ஒரு கண்ணி உண்டு. ‘எண்ணெய் காய்ந்ததும் கடுகு போடவும்’ என்றால் எண்ணெய் சூடேறியது என்று பொருள், ஈரம் போனது என்று அல்ல.

‘காய்ந்த சருகு’ என்று எழுதுகிறார்கள். சருகு என்றாலே காய்ந்த இலைதான், அடைமொழி வேண்டாம். விறகு அப்படியில்லை. ஈர விறகும் இருப்பதால் ‘காய்ந்த விறகு’ சரி. அப்புறம், வாடிய இலையைச் சருகு என்று சொல்லக் கூடாது, அதில் இன்னும் ஈரம் இருக்கிறது.

உலர்தல் தானாக நடப்பது, உலர்த்துதல் நாம் செய்வது. ஆகவே ‘துணியை உலர்ந்தேன்’ பிழை, ‘உலர்த்தினேன்’ என்க. ‘உலர்ப்பழம்’, ‘உலர்த்திராட்சை’ என்று ஒற்று மிகுவதும் தவறு. இவை வினைத்தொகை, அதாவது காலம் காட்டாத வினையடி பெயரோடு சேர்ந்தவை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. உலர்பழம், உலர்திராட்சை என்றே எழுத வேண்டும்.