தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பருத்திக் காலுறை

திருகோணமலையிலிருந்து பிள்ளைகளோடு தஞ்சாவூர் போகிறவர்களுக்கு, கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானம் ஏறுவதுதான் லேசு. அங்கிருந்து காரில் ஏறத்தாழ 55 கிலோமீற்றர்.

1010இல் இராசராச சோழன் கட்டி முடித்த பெரிய கோயிலுக்கு விடிய 6 மணிக்கே போய்விடுங்கள். கோணேசர் மலையில் வீசும் கடற்காற்று அங்கே கிடையாது. முற்றமோ பரந்த வெளி. பத்து மணி தாண்டினால் தளம் கொதிக்கும். செருப்பை வெளியே விட்டு வந்த சின்னப் பிள்ளை இரண்டு எட்டு வைத்ததும் தூக்கச் சொல்லி அழும். ஆளுக்கொரு சோடி தடித்த பருத்திக் காலுறை கொண்டுபோங்கள். நைலோன் வேண்டாம், கல்லில் வழுக்கும். சந்நிதிக்குள் போகுமுன் கழற்றிவிடுங்கள்.

மதியம் நடை சாத்தினால் மாலை 4 மணியளவில்தான் திறக்கும். அந்த இடைவெளிக்கு அரண்மனைக் கலைக்கூடம் நல்லது: நிழலும் உண்டு, சோழர் காலச் செப்புத் திருமேனிகளைக் கிட்ட நின்று பார்க்கலாம்.