பொத்தானை அவனே போடட்டும்

கிரேட் ஆர், அதாவது ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பின் டீச்சர் எழுதிக் கொடுத்த சீட்டில் ஆக்குபேஷனல் தெரபி என்று இருந்தது. ஊரிலிருந்து போனில் அம்மா கேட்டாள்: "அஞ்சு வயசுப் பிள்ளைக்கு என்ன தொழில் கத்துக் குடுக்கப் போறாங்க?" தொழில்வழிச் சிகிச்சை என்று தமிழில் சொன்னாலும் இந்தக் குழப்பம் தீராது. குழந்தைக்குத் தொழில் என்பது அதன் அன்றாட வேலைதான். சாப்பிடுவது, சட்டை போடுவது, விளையாடுவது, பென்சில் பிடிப்பது எல்லாம் அதில் அடக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில், என் மகனோடு பல வருஷம் தெரபிக்குப் போய் வந்தேன். நான் செய்ததும், காத்திருக்கும் பெஞ்சில் மற்றவர்கள் சொல்லக் கேட்டதுமாகச் சில தவறுகளை எழுதுகிறேன்.

பெரிய தவறு, பாசத்தால் செய்வது. எங்கள் வீட்டில் பிள்ளைக்கு ஆயா ஊட்டுவார், தாத்தா ஷூ மாட்டுவார், நான் பட்டன் போடுவேன். காலை ஏழு மணி அவசரத்தில் வேறு வழியும் தெரியவில்லை. ஆனால் விரல்களுக்குக் கிடைக்க வேண்டிய பயிற்சி அத்தனையும் இப்படித்தான் கைநழுவிப் போனது. வாரத்துக்கு ஒரு முறை முக்கால் மணி நேரம் தெரபிஸ்ட் செய்வதை, மற்ற ஆறு நாளும் நாங்களே அழித்துக்கொண்டிருந்தோம்.

அவர் சொல்லித்தந்த வழி எளிது. முழு வேலையையும் பிள்ளையின் தலையில் கட்டாமல், கடைசிப் படியை மட்டும் அவனிடம் விட வேண்டும். சாக்ஸைக் குதிகால் வரை நாம் மாட்டிவிட்டு, மேலே இழுப்பதை அவனிடம் விடலாம். அது கைவந்ததும் பாதத்தின் நடுவிலிருந்து அவன் இழுக்கட்டும். பிறகு விரல் நுனியிலிருந்து. ஒவ்வொரு முறையும் வேலையை முடிப்பவன் அவனாக இருப்பதால் அலுப்புத் தட்டாது. பட்டனுக்கும் இதே முறைதான். பள்ளி நாளில் முடியாவிட்டால் சனிக்கிழமை செய்யுங்கள்.

நம் வீட்டு வழக்கங்களைத் தெரபிஸ்டிடம் சொல்லாமல் இருப்பதும் தவறு. கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கப் பழக்கலாம் என்று எங்களிடம் சொன்னார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் நாங்கள் சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள் என்று பல மாதம் கழித்துத்தான் சொன்னேன். பிசைந்து, உருட்டி, சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோவது எவ்வளவு நல்ல விரல் வேலை என்று அவரே வியந்தார். அதன் பிறகு ரொட்டி மாவு உருட்டுவது, பட்டாணி உரிப்பது, பல்லாங்குழி, கோலப்புள்ளி வைப்பது எல்லாம் எங்கள் பயிற்சியில் சேர்ந்தன. விரல் வலுப்படுமுன் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுதவைப்பதைவிட இவை மேல்.

இடக்கையை அடித்துத் திருத்துவதை இன்னும் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். எந்தக் கை என்பது பொதுவாக நான்கு முதல் ஆறு வயதுக்குள் தானாக உறுதிப்படும். பிரசாதம் வாங்க வலக்கையை நீட்டச் சொல்லிப் பழக்குங்கள், அது மரியாதை. பென்சிலை அவன் கைக்கே விட்டுவிடுங்கள். ஆனால் ஒரு வயது ஆகுமுன்பே குழந்தை ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றதை மடக்கியே வைத்திருந்தால் அது வேறு விஷயம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கோயிலில் காவடி மேளம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையை "பிடிவாதம்" என்று இழுத்துப் போகிறோம். சில பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் உண்மையிலேயே தாங்காது. கூட்டம் சேருமுன் போங்கள். என்னென்ன நடக்கும் என்று முன்பே சொல்லிவையுங்கள். காதுக்கு மறைப்பு மாட்டுங்கள், வெளியே வர ஒரு இடம் பார்த்துவையுங்கள். அடித்து உட்காரவைத்தால் அடுத்த வருஷம் வாசலிலேயே அழும்.

"அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார், தானா சரியாயிடும்" என்று காத்திருப்பது இன்னொரு தவறு. பிறந்ததும் தரும் ரோட் டு ஹெல்த் கையேட்டில் தடுப்பூசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்கிறோம். வளர்ச்சிப் படிகளும் அதில் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் அரசு கிளினிக்குக்கு அதையும் கொண்டு போங்கள். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு அங்கே 1994 முதல் கட்டணமில்லை. வந்த திறமை திரும்பிப் போனால் ஒரு வாரம்கூடப் பொறுக்காதீர்கள். தனியாரிடம் போவதானால், அவர் ஹெச்.பி.சி.எஸ்.ஏ. என்ற தென்னாப்பிரிக்க மருத்துவத் தொழிலர் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை பெரியவனானதும் அவனைக் கேட்காமலே இலக்கு வைக்கிறோம். எனக்குக் கையெழுத்து அழகாக வேண்டும் என்று ஆசை. பதின்மூன்று வயதில் அவனுக்கு வேண்டியதோ, கிரிக்கெட் பேடை நண்பர்கள் முன் தானே கட்டிக்கொள்வது. அதைத் தொடங்கிய பிறகுதான் தெரபிக்கு முகம் சுளிக்காமல் வந்தான். எழுத்து மெதுவாகவே இருந்தால் அதற்காகப் போராடிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. மெட்ரிக் என்னும் பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர் என்று சலுகைகள் உண்டு. கடைசி வருஷம் போய்க் கேட்டால் நேரம் போதாது. தெரபிஸ்டின் அறிக்கையோடு பத்தாம் வகுப்பிலேயே பள்ளியில் பேசிவிடுங்கள்.