கரியமில வாயுச் சேமிப்புத் திட்டம்: முதல் கணக்கைப் போடுவது எப்படி?

சிங்கப்பூரின் தொழிற்சாலைத் தீவான ஜூரோங் தீவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எந்த ஆலையின் கரியமில வாயுவைப் பிடித்துச் சேமிக்கலாம் என்று பட்டியல் போடச் சொன்னார்கள். இரண்டு வாரம் உழைத்துப் போட்ட கணக்கு தப்பாகிவிட்டது. அதே வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: எங்கே புதைப்பது?

பிடிப்பதில் தொடங்காதீர்கள், புதைக்கும் இடத்தில் தொடங்குங்கள். சிங்கப்பூரில் அதற்கேற்ற நிலத்தடிப் பாறை இல்லை, கப்பலில் வெளிநாட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும். இதற்காக இந்தோனேசியாவுடன் 2024இல் விருப்பக் கடிதம் (ஒப்பந்தத்துக்கு முந்தைய படி) கையெழுத்தானது. பாறை சுமார் 800 மீட்டருக்குக் கீழே இருந்தால்தான் வாயு நெருங்கி அடங்கும். கொள்ளளவை மட்டும் பார்த்தால் போதாது, வருடத்துக்கு எவ்வளவு உள்ளே செலுத்த முடியும் என்றும் கேளுங்கள். ஆஸ்திரேலியாவின் கோர்கன் எரிவாயுத் திட்டம் 2019இல் சேமிக்கத் தொடங்கியது. ஆனால் நிலத்தடி அழுத்தத்தைக் குறைக்கும் கிணறுகளில் மணல் அடைத்ததால் திட்டமிட்ட அளவை எட்டவில்லை.

படி 2: எந்த ஆலை?

எரிவாயு டர்பைன் புகையில் கரியமில வாயு 4 விழுக்காடு அளவில்தான் இருக்கும். ஹைட்ரஜன் ஆலையில் பல மடங்கு அதிகம், பிடிக்கும் செலவும் குறையும். அதையே முதலில் எடுங்கள்.

படி 3: பிடித்த டன் வேறு, தவிர்த்த டன் வேறு

நான் சறுக்கியது இங்கேதான். பக்கத்து மேசை அண்ணன் என் கணக்கைப் பார்த்துவிட்டு, “தம்பி, நீராவி எங்கேயிருந்து வருது?” என்று கேட்டார். நீராவிக்கு என் கணக்கில் ஒரு வரிகூட இல்லை.

புகையிலிருந்து வாயுவைப் பிடிப்பது அமீன் என்ற வேதிக் கரைசல். வாயுவை உறிஞ்சிய அந்தக் கரைசலை நீராவியால் சூடாக்கினால்தான் அது வாயுவை விடும். ஒரு டன்னுக்குச் சுமார் 3.6 கிகா ஜூல் வெப்பம் என்று வையுங்கள். அதைத் தரும் எரிவாயுக் கொதிகலனே சுமார் 220 கிலோ கரியமில வாயுவை வெளியே விடும். பிடித்த வாயுவை அமுக்கும் மின்சாரத்துக்கு இன்னொரு 40 கிலோ. ஆக, 100 டன் பிடித்தால் உண்மையில் காற்றில் சேராமல் தவிர்த்தது 74 டன்தான். பிடித்த டன்னுக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று எழுதியிருந்தால், அதைத் தவிர்த்த டன்னுக்கு 135 வெள்ளி என்று திருத்துங்கள். 2026, 2027இல் வெளியேற்றும் டன்னுக்கு 45 வெள்ளியாக உள்ள கரிம வரியோடு இந்த எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். ஆலையில் வீணாகும் வெப்பம் கிடைத்தால் கணக்கே மாறிவிடும், அதனால் அதை விசாரிக்காமல் விடாதீர்கள்.

இந்தக் கட்டத்துக்கு எக்செல் போதும். விலையுயர்ந்த மென்பொருளில் இறங்கினால் இப்படி நீராவி விடுபட்டது கண்ணில் படாது.

வாயுவைப் பொருளாக்கி விற்பதையும் சேர்க்கலாம். ஆனால் சோடா பாட்டிலில் அடைத்தது மூடியைத் திறந்ததும் காற்றுக்கே போய்விடும். கல்லாக இறுகுவதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

பிறகு சேர்த்தது: வாயுவை ஏற்றிச் செல்லும் கப்பல் தாமதமானால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, நான் எழுத விட்டது. நாளுக்கு 1,000 டன் பிடித்து, வாரம் ஒரு கப்பல் வந்தால், 7,000 டன் தொட்டி போதாது. மூன்று நாள் தாமதத்துக்கும் சேர்த்து 10,000 டன் போடுங்கள். வாயுவைச் சுமார் 15 பார் அழுத்தத்தில், மைனஸ் 26 டிகிரியில் வைக்கும் தொட்டி அது. தீவில் அதற்கு இடம் கிடைக்குமா என்று முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.