தண்ணீரில் நின்ற பழைய சாப்பாட்டு மேசைக்கு விலை மதிப்பது எப்படி?

மும்பையில் மாட்டுங்கா, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் தரைத்தளத்தில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு, மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவது புதிதல்ல. அப்படி நனைந்த பர்மா தேக்கு மேசையை, ஈரம் காய்வதற்குள்ளேயே பழைய சாமான் வியாபாரியிடம் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஈர மேசைக்கு எவராலும் சரியான விலை சொல்ல முடியாது.

தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பது தெரியும்படி முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கால்களுக்கு அடியில் சிறு கட்டைகள் கொடுத்து, நிழலில், எல்லாப் பக்கமும் காற்றுப் படும்படி உலர விடுங்கள். வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து பலகை வெடிக்கும். மேற்பலகை குழிந்திருந்தாலும் உடனே இழைக்கச் சொல்லாதீர்கள். இரு முகமும் சமமாகக் காயும்போது வளைவு பெரும்பாலும் குறையும், அவசரப்பட்டு இழைத்த பலகையோ காய்ந்தபின் எதிர்ப்பக்கம் வளையும். காய்ந்துவிட்டதா என்று அறிய, ஈரம் அளக்கும் மீட்டரால் மேசையின் அடிப்புறத்தையும், அதே வீட்டில் நனையாமல் இருந்த வேறொரு பழைய மரச் சாமானையும் அளந்து ஒப்பிடுங்கள். மும்பைக் காற்றில் எல்லா மரமும் சற்று ஈரமாகவே இருக்கும் என்பதால், தனி எண்ணைவிட இந்த ஒப்பீடே நம்பத் தகுந்தது.

மதிப்பீட்டை அடியிலிருந்து தொடங்க வேண்டும். மேலே தெரியும் கறை நம்மைப் பயமுறுத்துகிறது, ஆனால் விலையைப் பெரிதும் தீர்மானிப்பவை கால்களே. ஏனெனில் தரையில் நிற்கும் தண்ணீரை மரத்தின் நார்கள் கால் நுனி வழியாக மேலே உறிஞ்சுகின்றன. கால் நுனியை ஊசியால் குத்திப் பாருங்கள். வைரம் பாய்ந்த தேக்கு ஊசிக்கு இடம் கொடுக்காது. மெத்தென்று உள்ளே இறங்கினால் அங்கே உளுத்துவிட்டது என்று பொருள். மூட்டுகள் மட்டும் ஆடினால் அஞ்ச வேண்டாம். பழைய மேசைகளில் பயன்பட்ட வச்சிரப் பசை (விலங்குத் தோலிலிருந்து காய்ச்சியது) நீரில் இளகுவது இயல்பு, அதைச் சுத்தம் செய்து மீண்டும் ஒட்டலாம். மேற்பலகை முழு மரமா, வெனீர் என்னும் மெல்லிய மரத்தகடு ஒட்டியதா என்பது அடுத்த கேள்வி: மேலே ஓடும் ரேகை விளிம்பிலும் அடிப்புறத்திலும் தொடர்ந்தால் முழு மரம். வெனீராக இருந்தால் விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள், பசை விட்ட இடம் பொள்ளலாக ஒலிக்கும். உள்ளிருக்கும் பலகை உப்பிப் பிரிந்திருந்தால் விலை பெரிதும் விழுந்துவிடும். வெள்ளைத் திட்டு பெரும்பாலும் அரக்குப் பாலிஷில் சிக்கிய ஈரம்தான். கறுப்புக் கறை மரத்துக்குள் இறங்கியது. அதை நீக்க ஆக்ஸாலிக் அமிலமும் கைதேர்ந்த மரவேலை மிஸ்திரியும் தேவை.

இனி விலை. பழைய மரச் சாமான் கடைகள் உள்ள ஓஷிவாராவிலும் சோர் பஜாரின் மட்டன் தெருவிலும் அதே மரம், அதே அளவு, அதே வேலைப்பாடுள்ள மேசைகளைப் பார்த்து, கடைக்காரர் சொல்லும் விலையை அல்ல, பேரம் முடிந்து கைமாறும் விலையைக் கேட்டறியுங்கள். எடுத்துக்காட்டாக, நனையாத மேசை 60,000 ரூபாய் போகும், சீர்செய்ய 14,000 ஆகும், சீர்செய்தபின்னும் தடயத்துக்காக வாங்குபவர் 6,000 குறைப்பார் என்றால், இன்றைய மதிப்பு 40,000 ரூபாய். வியாபாரிக்கே விற்பதானால் அவருடைய லாபமும் இதில் கழியும். சீர்செய்யும் செலவை இரண்டு மிஸ்திரிகளிடம் எழுத்தில் வாங்குங்கள். பழைய மெருகு முழுவதையும் சுரண்டிவிட்டுப் பளபளக்கச் செய்கிறேன் என்பவரைத் தவிர்த்துவிடுங்கள், அந்த மெருகுக்கும் சேர்த்துத்தான் வாங்குபவர் பணம் தருகிறார்.

காப்பீடு இருந்தால் உடனே தெரிவித்துவிட்டு, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கும் வரை மேசையில் கை வைக்காமல், உலர மட்டும் விடுங்கள். 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் கிருஹ ரக்ஷா என்னும் வீட்டுக் காப்பீட்டு பாலிசியில் வெள்ளச் சேதம் அடங்கும் என்றாலும், பழம்பொருட்களைத் தனியே குறிப்பிட்டுச் சேர்த்திருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேசையோடு பிறந்த நாற்காலிகள் இருந்தால், அவை நனையாமல் தப்பியிருந்தாலும், பிரித்து மதிக்காதீர்கள். தொகுப்பாக இருக்கும்போதுதான் முழு விலை கிடைக்கும்.