எல்லாவற்றையும் ரோமின் கணக்கில் எழுதாதீர்கள்: மாகாண நிலத்தைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோம ஆட்சியில் மாகாண மக்களின் வாழ்க்கை எப்படி மாறியது என்று அறிய, கோயிலையும் குளியல் மாளிகையையும் தோண்டினால் போதாது. வயல் வரப்பு, வேலிப் பள்ளம், தொழுவம், பாதை என்று ஒரு வட்டாரத்தையே சேர்த்துப் படிக்க வேண்டும். நிலப்பரப்புத் தொல்லியல் செய்வது அதைத்தான். பிரிட்டனில் இந்த வேலை மிக விரிவாக நடந்திருக்கிறது. திருத்தப்பட்ட தவறுகளும் அங்கே ஏராளம் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கி.பி. 43ஐக் கோடாகக் கிழித்து முன், பின் என்று பிரிப்பது. ரோமப் பேரரசர் கிளாடியஸின் படை பிரிட்டனில் இறங்கிய ஆண்டு அது. ஆனால் தென் இங்கிலாந்தின் சில்செஸ்டரில் ரோமானிய நகரத்துக்கு அடியில் தோண்டியபோது, அரை நூற்றாண்டுக்கும் முன்பே உள்ளூர்க்காரர்கள் திட்டமிட்டு வகுத்த தெருக்கள் கிடைத்தன. மத்தியதரைக்கடல் பகுதியின் மதுச் சாடிகளும் ஆலிவ் எண்ணெய்ச் சாடிகளும் படைக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டன. தென்பகுதிக் குறுநில அரசர்கள் தங்கள் நாணயங்களில் லத்தீன் எழுத்தைப் பொறித்துக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம், மேல் தேம்ஸ் பள்ளத்தாக்கில் பல பழைய பண்ணைக் குடியிருப்புகள் கைவிடப்பட்டு நிலம் புதிதாக வகுக்கப்பட்டது 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதாவது படை வந்து இரண்டு மூன்று தலைமுறை கழித்து. இதற்குக் காரணம் வரியா, சந்தையா, நில உரிமையா என்று கேட்கலாம். ‘ரோம் வந்தது, மாறியது’ என்று முடித்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. முடிவுத் தேதியும் இப்படித்தான். ஆட்சி 410 வாக்கில் முடிந்தது என்பது வழக்கமான கணக்கு. இங்கிலாந்தின் செட்வொர்த்தில் உள்ள வில்லாவின், அதாவது ரோமானிய பாணியில் கட்டிய நாட்டுப்புற மாளிகையின், மொசைக் தரை ஒன்றோ 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது என்று கார்பன் காலக்கணிப்பு காட்டியிருக்கிறது.

அடுத்தது, நூலில் படித்த போரை மண்ணில் தேடிப் பிடிப்பது. தென் இங்கிலாந்தின் டார்செட்டில் உள்ள மெய்டன் கேசில் குன்றுக்கோட்டையை 1934 முதல் 1937 வரை பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். கிழக்கு வாசலருகே வெட்டுக்காயம் பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்ததும், ரோமத் தளபதி வெஸ்பாசியனின் படையை எதிர்த்து மாண்டவர்கள் என்று எழுதினார். படிக்க அற்புதமாக இருந்தது. பல பத்தாண்டுகள் பாடநூல்களிலும் நின்றது. பின்னாளைய காலக்கணிப்போ, அந்தச் சாவுகள் ஒரே நாளில் நிகழ்ந்தவை அல்ல, பல பத்தாண்டுகளில் பரவியவை என்கிறது. உள்ளூர்ச் சண்டைகளில் செத்தவர்களையும் ரோமானியரின் கணக்கில் சேர்த்தாயிற்று!

அதே வீலர்தான் 1945இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டைத் தோண்டியவர். இத்தாலியச் சிவப்புப் பாண்டங்களையும் மதுச் சாடிகளையும் கண்டு, மேற்கத்திய வணிகத்தால் உருவான நிலையமாக அதைப் பார்த்தார். ரோமானியத் தொடர்புக்கு முன்பே அங்கே ஊர் இருந்ததைப் பிந்தைய அகழாய்வு காட்டியது. பானை போன இடத்துக்கெல்லாம் அதைச் செய்தவனும் போவதில்லை. ‘கால்’ (Gaul) என்ற, இன்றைய பிரான்ஸ் பகுதியில் செய்த பளபளப்பான சிவப்புக் கிண்ணம் பிரிட்டன் விவசாயி வீட்டில் கிடைத்தால், அவர் ஒரு கிண்ணம் வாங்கினார் என்பது உறுதி. லத்தீன் பேசினார், தன்னை ரோமானியராக எண்ணினார் என்பதெல்லாம் நம் கற்பனை.

வில்லாவை அளவுகோலாக்குவதும் இதே வகைதான். கிராமப்புறக் குடியிருப்புகளில் வில்லாக்கள் சிறுபான்மை. பெரிய ஆடம்பர வில்லாக்களில் பல 4ஆம் நூற்றாண்டில்தான் முழு உருவம் பெற்றன. வடக்கிலும் மேற்கிலும் வட்ட வீடு கட்டும் வழக்கம் ரோம ஆட்சியிலும் நீடித்தது. கார்ன்வாலில் சைசாஸ்டரின் முற்றம் வைத்த கல்வீடுகளைப் பார்த்தால் வரலாற்றுக்கு முந்தையவை என்றே தோன்றும். ஆனால் அவை ரோம ஆட்சிக் காலத்தவை. அவற்றைக் கட்டியவர்களைப் பின்தங்கியவர்கள் என்றோ, எதிர்ப்பாளர்கள் என்றோ முத்திரை குத்த நமக்கு ஆதாரம் கிடையாது.

வரைபடத்தின் வெற்றிடத்தை ஆளில்லா நிலம் என்று எண்ணுவதும் ஆபத்து. புதைந்த பள்ளத்தின் மேல் பயிர் உயர்ந்து பசுமையாக நிற்பது வானிலிருந்து பார்த்தால் கோடாகத் தெரியும். சரளை நிலத்தில், அதுவும் வறண்ட கோடையில், இது துல்லியமாகத் தெரியும், களிமண்ணில் மங்கிவிடும். அதனால் களிமண் பகுதிகளில் ஆட்கள் குறைவு என்று நெடுநாள் நம்பினார்கள். 1990இல் வந்த திட்டமிடல் வழிகாட்டுதலுக்குப் பின், சாலையும் வீடும் கட்டுவதற்கு முன் தோண்டிப் பார்ப்பது வழக்கமானபோது அங்கேயும் பண்ணைகள் வரிசையாக வெளிப்பட்டன.

உழுத வயலில் பானை ஓடு பொறுக்குகிறவர்களுக்கு இதன் மறுபக்கம் காத்திருக்கிறது. ஓடு சிதறிக் கிடக்கும் இடமெல்லாம் வீடு இருந்த இடமல்ல. குப்பையை எருவோடு சேர்த்து வயலுக்குக் கொண்டுபோய்க் கொட்டும்போது உடைந்த சட்டியும் கூடவே போயிருக்கும். கல்லோ கூரை ஓடோ சேர்ந்து கிடக்கிறதா, பானை ஓடுகள் ஓரிடத்தில் நெருங்கிக் கிடக்கின்றனவா, மெல்லியதாகப் பரவியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும்.