தொற்று ஏறும் நாட்களில் பள்ளி விதிகளும் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

சுற்றுவட்டாரத்தில் கோவிட் ஏறத் தொடங்கியதும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் முதலில் வந்து விழும் கேள்வி, "பள்ளியை மூடுவாங்களா?" என்பதுதான். கொஞ்ச நேரத்தில் குழு இரண்டாகப் பிரிந்துவிடும். உடனே மூடச் சொல்பவர்கள் ஒரு பக்கம், மூடவே கூடாது என்பவர்கள் மறுபக்கம். அந்த வாக்குவாதத்திலேயே ஒரு வாரம் ஓடிப்போகும். அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகள் அதே அறையில், சாத்தியிருக்கும் அதே ஜன்னல்களுக்குள் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தக் கேள்வியிலேயே நின்றுவிடுவதைத்தான் முதல் தவறாகச் சொல்வேன். இரண்டு தரப்பின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் உலகம் முழுவதும் 150 கோடிக்கும் அதிகமான மாணவர்கள் பள்ளிக்குப் போக முடியாமல் இருந்தார்கள் என்று யுனெஸ்கோ கணக்கிட்டது. அதன் விலை என்ன என்பதும் பிறகு தெரிந்தது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் எளிய பத்தி ஒன்றைக்கூடப் படித்துப் புரிந்துகொள்ள முடியாத பத்து வயதுப் பிள்ளைகள் பெருந்தொற்றுக்கு முன்பு நூற்றுக்கு 57 பேர். அது 70 வரை உயர்ந்திருக்கும் என்று 2022இல் உலக வங்கியும் யுனிசெஃபும் யுனெஸ்கோவும் சேர்ந்து மதிப்பிட்டன. ஆகவே மூடுவது லேசான முடிவல்ல. ஆனால் மூடவில்லை என்பதாலேயே பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள் என்றும் ஆகிவிடாது. மூடுவதும் திறப்பதும் நம் கையில் இல்லை. திறந்திருக்கும் பள்ளியில் அந்த அறை எப்படி இருக்கிறது என்று கேட்பது நம் கையில் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியும் விதிகளில் நிம்மதி அடைவது

வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானி, கையில் சானிடைசர், மாலையில் மேசைகளுக்குக் கிருமிநாசினி. இவை இருந்தால் பள்ளி அக்கறையாக இருக்கிறது என்று மனம் ஆறுதல் கொள்கிறது. கை கழுவுவது நல்ல பழக்கம், வேறு பல நோய்களைத் தடுக்கும். ஆனால் கோவிட் பெரும்பாலும் மேசையிலிருந்து கைக்கு ஏறுவதில்லை. கிருமி ஒட்டிய பரப்பைத் தொடும் ஒவ்வொரு முறையும் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. வெப்பமானியின் கதையும் அதுதான். அறிகுறி தோன்றுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே ஒருவர் தொற்றைப் பரப்ப முடியும். பல பிள்ளைகளுக்குக் காய்ச்சலே வருவதில்லை.

இந்தப் பழைய விதிகள் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம், கோவிட் காற்றில் பரவும் நோய் அல்ல என்று வெளிப்படையாக அறிவித்தது. ஜூலையில் லிடியா மொரவ்ஸ்கா, டொனால்ட் மில்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிய கடிதத்தை 239 அறிவியலாளர்கள் ஆதரித்து, காற்றின் வழிப் பரவலைக் கணக்கில் எடுங்கள் என்று வேண்டினார்கள். மூடிய அறைகளில் கிருமி காற்றில் தங்கிப் பரவக்கூடும் என்பதை நிறுவனம் 2021 ஏப்ரல் இறுதியில் தன் வழிகாட்டுதலில் தெளிவாக எழுதியது. அந்த இடைவெளியில் எழுதப்பட்ட விதிகளைத்தான் பல பள்ளிகள் அப்படியே வைத்திருக்கின்றன. அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் நாமும் அதையே கேட்டுக்கொண்டிருந்தால் அவர்கள் மாற்ற மாட்டார்கள்.

கேட்க வேண்டியது காற்றைப் பற்றி. இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பெற்றோரின் குரலுக்கு அதிகப் பலன் இருக்கிறது.

வெளிக்காற்றில் கரியமில வாயு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு. நாம் வெளிவிடும் மூச்சில் அது ஏறக்குறைய 40,000. ஒரு வகுப்பறையில் கரியமில வாயுவை அளக்கும் மானி 2,000 காட்டுகிறது என்று வையுங்கள். அந்த அறையில் பிள்ளை உள்ளே இழுக்கும் காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு, வேறு யாரோ ஏற்கெனவே வெளிவிட்ட காற்று. இருபத்தைந்து மூச்சில் ஒரு மூச்சு அடுத்தவருடையது. அதே மானி 800 காட்டினால் அது நூறில் ஒன்றாகக் குறைந்துவிடும். கையடக்கமான இந்த மானி ஒன்றைப் பெற்றோர் சேர்ந்து வாங்கிக் கொடுத்து, வகுப்பு வகுப்பாக வைத்துப் பார்க்கச் சொல்லலாம். எந்த அறையில் பிரச்சினை என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும்.

ஏசி அறை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். சுவரில் மாட்டும் சாதாரண ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே குளிரவைத்துத் திருப்பி விடுகிறது. "ஏசி வகுப்பு, அதனால் சுத்தமான காற்று" என்ற எண்ணம் உண்மைக்கு நேர் எதிரானது. எதிரெதிரான இரண்டு ஜன்னல்களைக் கொஞ்சம் திறந்து வைத்தாலே காற்று ஓடும். திறக்க வழியில்லாத அறைக்கு ஹெப்பா வடிகட்டி உள்ள கருவி உதவும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வடிகட்டி கிருமித் துகள்களைப் பிடிக்குமே தவிரக் கரியமில வாயுவைப் பிடிக்காது. எனவே கருவி நன்றாக வேலை செய்தாலும் மானியின் எண் இறங்காது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இதெல்லாம் உண்மையில் பலன் தருமா? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2020 நவம்பர், டிசம்பர் மாதங்களில் 169 தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்தார்கள். காற்றோட்டத்தை மேம்படுத்திய பள்ளிகளில் தொற்று 39 சதவீதம் குறைவாக இருந்தது. ஜன்னல், கதவு, மின்விசிறியோடு நிறுத்திய பள்ளிகளில் 35 சதவீதம் குறைவு. வடிகட்டியும் சேர்த்த பள்ளிகளில் 48. ஜன்னலைத் திறக்கச் செலவு எதுவும் இல்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

"லேசான ஜலதோஷம்தானே"

2021 மே மாதம், கலிஃபோர்னியாவின் மரின் கவுன்டியில் ஒரு தொடக்கப் பள்ளி. மேசைகளுக்கு இடையே ஆறடி இடைவெளி விட்டிருந்தார்கள். அறையில் ஹெப்பா கருவி இருந்தது. கதவும் ஜன்னல்களும் திறந்திருந்தன. முகக்கவசம் கட்டாயம். தடுப்பூசி போட்டுக்கொள்ளாத ஓர் ஆசிரியருக்கு மூக்கடைப்பும் சோர்வும் வந்தன. ஒவ்வாமையாக இருக்கும் என்று நினைத்து இரண்டு நாள் வேலைக்கு வந்தார். சில வேளைகளில் முகக்கவசத்தை இறக்கிவிட்டுப் பிள்ளைகளுக்கு உரக்க வாசித்தார். வகுப்பின் 24 மாணவர்களில் 22 பேர் பரிசோதனை செய்துகொண்டார்கள், அவர்களில் 12 பேருக்குத் தொற்று. ஆசிரியரின் மேசைக்கு அருகே இருந்த இரண்டு வரிசைகளில் பத்துப் பேரில் எட்டுப் பேர்.

நல்ல விதிகள் எல்லாம் இருந்தும் ஒரு "லேசான ஜலதோஷம்" அவற்றைத் தாண்டிவிட்டது. எந்த ஒரு ஏற்பாடும் தனியாக நின்று காக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பின்வரிசைகளில் பதினான்கு பேரில் நான்கு பேருக்குத்தான் வந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

காலையில் பிள்ளைக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது. அன்றைக்கு அலுவலகத்தில் முக்கியமான வேலை. பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். நானும் ஒருமுறை அப்படி அனுப்பியிருக்கிறேன், அந்த நாள் முழுக்க மனம் உறுத்திக்கொண்டே இருந்தது. மருந்து காய்ச்சலை மறைக்கும், பரவலை நிறுத்தாது. இதைப் பெற்றோரின் பொறுப்பின்மை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. விடுப்பு கிடைக்காத வேலை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நிலை, விடுபட்ட பாடத்துக்கு ஈடுசெய்யாத பள்ளி, முழு வருகைக்குக் கொடுக்கும் பரிசு எல்லாம் சேர்ந்துதான் காய்ச்சலோடு பிள்ளையை வகுப்புக்குத் தள்ளுகின்றன. அலை ஓயும்வரை முழு வருகைப் பரிசை நிறுத்திவையுங்கள், வராத நாளின் பாடத்தை அனுப்புங்கள் என்று பள்ளியிடம் கேட்பது, இன்னொரு சானிடைசர் பாட்டில் கேட்பதைவிடப் பெரிய பாதுகாப்பு.

ஒரே ஒரு நெகட்டிவை நம்பி மறுநாளே அனுப்புவதும் இந்த வகைத் தவறுதான். வீட்டில் செய்யும் ஆன்டிஜன் சோதனை தொற்றின் முதல் நாட்களில் தவறவிடக்கூடும். அறிகுறி இருந்து நெகட்டிவ் வந்தால் 48 மணி நேரம் கழித்து மறுபடி செய்யவும், அறிகுறியே இல்லையென்றால் இதே இடைவெளியில் மொத்தம் மூன்று முறை செய்யவும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 ஆகஸ்டில் பரிந்துரைத்தது.

பெயரைத் தேடுவது

வகுப்பில் ஒருவருக்குத் தொற்று என்று அறிவிப்பு வந்ததும் "யார் பிள்ளை?" என்ற விசாரணை தொடங்கிவிடும். இதில் என்ன தப்பு, தெரிந்தால் ஜாக்கிரதையாக இருக்கலாமே என்று தோன்றும். உண்மையில் நமக்குத் தேவையானது பெயர் அல்ல. எந்த வகுப்பு, கடைசியாக எந்த நாளில் வந்தது, அருகில் இருந்தவர்கள் எத்தனை நாள் கவனிக்க வேண்டும் என்ற மூன்று தகவல்களே போதும். பெயரைத் தேடிப் பிடித்து, அந்தக் குடும்பத்தைக் குழுவில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டால், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற எல்லா வீடுகளும் ஒரு பாடம் கற்றுக்கொள்கின்றன: நமக்கு வந்தால் வெளியே சொல்லக் கூடாது. அடுத்த தொற்று நமக்குத் தெரியாமலே வகுப்புக்குள் வரும். அந்தப் பிள்ளை திரும்பி வரும்போது அதனோடு யாரும் உட்கார மாட்டேன் என்பது, அது செய்யாத குற்றத்துக்கான தண்டனை. தொற்று வந்த வீட்டுக்கு, "எதாவது வாங்கித் தரவா, பாடம் அனுப்பவா?" என்று ஒரு செய்தி போட்டால் அடுத்த வீடும் தைரியமாகச் சொல்லும்.

எண்களைத் தவறாகப் படிப்பது

இன்றைக்கு அறிவிக்கப்படும் எண்ணிக்கை இன்றைய நிலைமை அல்ல. ஒருவருக்குத் தொற்றி, அறிகுறி தோன்றி, சோதனை செய்து, முடிவு பதிவாகி நம் பார்வைக்கு வருவதற்குள் ஒரு வாரத்துக்கும் மேல் ஆகலாம். "எண் ஏறட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று காத்திருந்தால் அலையின் பின்னால்தான் ஓடுவோம். சோதனைகள் குறைந்தாலும் எண் குறையும். அதனால் சோதித்தவர்களில் எத்தனை சதவீதம் பாசிட்டிவ் என்பதையும் பாருங்கள். தொற்று கட்டுக்குள் இருக்கிறது என்று சொல்ல அது 5 சதவீதத்துக்குக் கீழே இரண்டு வாரமாவது இருக்க வேண்டும் என்பது 2020 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் தந்த அளவுகோல்.

"போன தடவை பத்து நாள் தனிமை, இப்போது ஐந்து நாளா? இவர்களுக்கே ஒன்றும் தெரியவில்லை" என்ற கோபத்தையும் அடிக்கடி கேட்கிறேன். விதி மாறுவது குழப்பமாகத்தான் இருக்கும், ஆனால் கிருமியும் மாறியது. முதல் வகைகளில் தொற்றியதிலிருந்து அறிகுறி தோன்ற சராசரியாக ஐந்து நாள் ஆனது, ஒமிக்ரானில் சுமார் மூன்று நாள். எந்த விதி, எந்தத் தேதியிலிருந்து, என்ன காரணத்துக்காக மாறுகிறது என்று பள்ளி எழுத்தில் தர வேண்டும் என்று கேளுங்கள். காரணம் சொல்லப்பட்ட விதியைக் கடைப்பிடிக்க மனம் வரும்.

முகக்கவசம் பற்றிச் சுருக்கமாக. துணி எத்தனை அடுக்கு என்பதைவிட மூக்கோரத்திலும் கன்னத்திலும் இடைவெளி இல்லாமல் பொருந்துகிறதா என்பது முக்கியம். ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அதைக் கட்டாயமாக்க வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020இல் சொல்லின. எல்லோரும் ஒரே நேரத்தில் கழற்றும் இடம் சாப்பாட்டு அறை. அதை வெளியில் மாற்ற முடியுமா என்று கேட்பது, வகுப்பில் மூக்குக்குக் கீழே இறங்கிய கவசத்துக்காக ஒரு குழந்தையை அதட்டுவதைவிட உதவும்.

"பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது"

பெரும்பாலான பிள்ளைகளுக்கு லேசாக வந்து போகிறது என்பது உண்மை. அதற்காக எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கணக்கில் வைக்க முடியாது. அதே வகுப்பில் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தை இருக்கலாம். உறுப்பு மாற்று செய்துகொண்ட தாத்தாவோடு ஒரே வீட்டில் வாழும் குழந்தை இருக்கலாம். உங்கள் பிள்ளை அப்படி ஒரு நிலையில் இருந்தால், அலை வருவதற்கு முன்பே மருத்துவரின் கடிதத்தோடு பள்ளியைப் பாருங்கள். ஜன்னலோர இடம், ஆபத்து அதிகமான வாரங்களில் வீட்டிலிருந்து படிக்கும் வசதி ஆகியவற்றை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வையுங்கள். நெருக்கடியின் நடுவில் கேட்டால் பள்ளிக்கும் யோசிக்க நேரம் இருக்காது.

தொற்று லேசாக வந்து ஆறிய பிள்ளையையும் உடனே மறந்துவிடாதீர்கள். இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து, அரிதாக, பல உறுப்புகளைத் தாக்கும் அழற்சி வருவதுண்டு. விடாத காய்ச்சலோடு வயிற்று வலி, வாந்தி, உடலில் தடிப்பு, சிவந்த கண் இவற்றில் எதுவும் சேர்ந்தால் வீட்டு மருந்தில் நாள் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போங்கள். அப்போது, பிள்ளைக்கு எப்போது கோவிட் வந்தது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வகுப்பில் தொற்று இருந்து உங்கள் பிள்ளைக்குச் சோதனை செய்யாமல் விட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

எண்கள் இறங்கத் தொடங்கியதும் எல்லா விதியையும் ஒரே நாளில் கைவிடுவதுதான் கடைசியாக நடக்கும் தவறு. எதை முதலில் தளர்த்துவது, எதைக் கடைசிவரை வைத்திருப்பது என்று பள்ளியோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். வாசல் வெப்பமானியை முதல் நாளே எடுத்துவிடலாம். முகக்கவசத்தைச் சில வாரங்களில் விருப்பத்துக்கு விடலாம். ஜன்னல்கள் மட்டும் திறந்தே இருக்கட்டும். ஃபுளூவும் தட்டம்மையும் காசநோயும் காற்றில் பரவுபவைதான்.